உத்தரவு

பெரிய வெள்ளி என்றாலும் வெள்ளிதான்.
குந்தாரப்பள்ளியில் ஆட்டுச் சந்தை.
எனக்கு ஒருசந்தி, ஆடுகளுக்குச் சந்தை
என்று விடியற்காலை நாலு மணிக்குச் சொன்னேன்.
செங்கோல்மேரி சிரிக்கவில்லை.
கடுங்காப்பியை நீட்டினாள்.

குப்பத்துக்காரர் முனிரத்தினம்
துண்டுக்கடியில் என் விரல்களைப் பிடித்தார்.
நாலு விரல், அப்புறம் பாதி விரல்.
விலை வெளியே தெரியாது.
முப்பது வெள்ளிக்காசையும்
இப்படித்தான் ஏதோ ஒரு துணிக்குள் பேசியிருப்பார்களோ
என்று தோன்றியதும் கையை உருவிக்கொண்டேன்.
"ஏமய்யா, சாலதா?" என்றார்.

பல் பார்த்தேன். இமை விலக்கி ரத்தம் பார்த்தேன்.
குளம்பு, வயிறு, வால்.
மறுவில்லாத ஆட்டுக்குட்டி என்று
சாமியார் வாசிக்கும்போதெல்லாம்
என் கட்டைவிரல் தானாக மடங்கும்,
இமையை விலக்குவதுபோல.

ஏழு வெள்ளாடு, நாலு செம்மறி.
குட்டியானையில் ஏற்றும்போது
வெள்ளாடு ஊரைக் கூட்டும்.
செம்மறி வாய் திறக்காது.
ஏசாயா எங்கோ ஒரு கசாப்புக் கடை வாசலில்
நின்று பார்த்திருக்கிறார்.
கேள்விப்பட்டு எழுதுகிற வரி இல்லை அது.

மூன்று மணிக்கு எலத்தகிரிக் கோயில்.
சிலுவையை முத்திசெய்யும் வரிசை.
எத்தனை சோப்புப் போட்டாலும்
நகக்கண்ணில் ஆட்டு வாடை.
அவருடைய எலும்பு ஒன்றும் முறிபடவில்லை என்று
வாசித்தபோது குனிந்துகொண்டேன்.
ஞாயிற்றுக்கிழமை சூப்புக்கு
நல்லி உடைத்துத் தரச் சொல்லி
ஒன்பது பேர் முன்பணம் கொடுத்திருந்தார்கள்.
அதில் நாலு பேர் என் முன்னால் நின்றார்கள்.

எங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம் மாரியம்மன்.
வெட்டும் முன் கிடாயின் மேல்
மஞ்சள்தண்ணி ஊற்றி நிற்பார்கள்.
அது உடம்பைச் சிலிர்க்க வேண்டும்.
சிலிர்த்தால் உத்தரவு.
சிலிர்க்காவிட்டால் பூசாரி காத்திருப்பார்,
பறை காத்திருக்கும், கத்தியும்.

ஈசாக்கிடம் யாரும் தண்ணீர் ஊற்றிக் கேட்கவில்லை.
விறகையும் அவன் தோளிலேயே ஏற்றினார்கள்.
புதரில் கொம்பு மாட்டிக்கொண்ட கிடாயிடம் கேட்கவில்லை.
எகிப்தில் வாசல்தோறும் நிலையில் பூசினார்களே,
அந்தக் குட்டிகளிடமும்.

கேட்டது ஒரே ஒருவரிடம்.
வியாழன் ராத்திரி, ஒலிவ மரத்தடியில்.
இந்தப் பாத்திரம் வேண்டாமே என்றார் முதலில்.
கூட வந்தவர்கள் தூங்கிவிட்டார்கள்.
பிறகு வேர்த்தது. ரத்தமாய் வேர்த்தது.
உச்சியிலிருந்து கால்வரை ஒரு சிலிர்ப்பு ஓடியிருக்கும்,
எனக்குத் தெரியும், உடம்பு பார்த்தவன் நான்.

இதைச் சாமியாரிடம் சொல்லத் தைரியமில்லை.
மாரியம்மனை எதற்கு உள்ளே இழுக்கிறாய் என்பார்.

பாஸ்காப் பூசை முடிந்து இன்னும் இருட்டு.
நன்மை வாங்கிய வாயோடு
கடை முன்னால் வந்து நிற்கிறார்கள்.
ஒரே பலி, எல்லாருக்காகவும், இனி வேறில்லை என்று
இப்போதுதான் கேட்டுவிட்டு வந்தவர்கள்.
சரிதான். யாரும் பலி கேட்கவில்லை.
முக்கால் கிலோ, நெஞ்செலும்பு போட்டு.

தோலை உரித்துவிட்டால்
வலப்பக்கம் எது, இடப்பக்கம் எது என்று
கடைசி நாளில் பிரிக்கிறவருக்கும் சிரமம்தான்.
வால் மயிரை மட்டும் விட்டுவைக்கிறோம்,
வாங்குகிறவர் நம்ப.

கடைசிச் செம்மறியை அவிழ்த்தேன்.
இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் கேட்டதில்லை.
தரை கழுவ வைத்த வாளியிலிருந்து
ஒரு கை தண்ணீர், அதன் முதுகில்.
நின்றேன்.

"அண்ணே, பர்கூர் பஸ் போயிரும்."

ஆடு அசை போடுகிறது.
தண்ணீர் இன்னும் தோலுக்குப் போய்ச் சேரவில்லை.
கம்பளிக்குள்
இறங்கிக்கொண்டிருக்கிறது.